பாட் ஏறவில்லையா? ஓப்பன்ஷிஃப்டில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

சாங்கி பிசினஸ் பார்க் பக்கம் ஏதாவது ஓர் ஐடி மாடியில் நம்ம ஆட்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் "பாட் ஏறிடுச்சா?" என்ற கேள்வி எப்படியும் காதில் விழும். ஓப்பன்ஷிஃப்ட் என்பது குபர்நெட்டிஸ் மேல் கட்டிய ரெட் ஹேட்டின் தளம், பல மெஷின்களை (நோடுகளை) ஒரு கிளஸ்டராகச் சேர்த்து ஆப்களை ஓட்டும்; அதில் ஆப்பின் கன்டெய்னர் ஓடும் சிறிய அலகுதான் பாட். ஏறவில்லை என்றால் உடனே ஒருவர் அதை டெலீட் செய்துவிட்டு மறுபடி வருகிறதா என்று பார்ப்பார். இந்தப் பழக்கத்தை முதலில் விடுங்கள். பாட் போனால் அதன் லாக்கும் கூடவே போய்விடும், காரணம் அப்படியே இருக்கும், தடயம் மட்டும் இருக்காது. வங்கி வேலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். முக்கியமான சிஸ்டம் ஒன்று திட்டமிடாமல் படுத்துக் கிடக்கும் நேரம் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பெரிய சம்பவம் என்றால் தெரியவந்த 1 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும், 14 நாட்களுக்குள் மூல காரண அறிக்கை வேண்டும் என்கிறது சிங்கப்பூர் நாணய ஆணையம். தடயத்தை அழித்துவிட்டு அந்த அறிக்கையில் என்ன எழுதுவீர்கள்?

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஓப்பன்ஷிஃப்டின் கமாண்ட் கருவியான ஓசி மூலம் மூன்றை எடுத்து ஒரு ஃபைலில் போட்டுவிடுங்கள்: நேர வரிசையில் 'ஓசி கெட் ஈவன்ட்ஸ்', 'ஓசி டிஸ்கிரைப் பாட்', அப்புறம் 'ஓசி லாக்ஸ்', அதுவும் பிரீவியஸ் ஃப்ளாக் (முந்தைய ஓட்டத்தின் லாக்) போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை. ஈவன்ட்ஸ் சில மணி நேரத்தில் தானாகவே அழிந்துவிடும், நாளைக் காலை வந்து பார்க்கலாம் என்று விட்டால் ஒன்றும் மிஞ்சாது.

பெண்டிங்கிலேயே நிற்கிறது

டிஸ்கிரைப் செய்தால் கடைசியில் ஒரு வரி இருக்கும்: 6 நோடில் 0 அவைலபிள், 3-இல் இன்சஃபிஷியன்ட் சிபியு, 3-இல் டெயின்ட் (சாதாரண பாட் இங்கே வராதே என்ற குறி). அந்த டெயின்ட் மூன்றும் பெரும்பாலும் கிளஸ்டரையே நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேன் நோடுகள், அவற்றை மறந்துவிடுங்கள். மீதி மூன்றுதான் கணக்கு. இங்கேதான் எல்லோரும் டாஷ்போர்டைக் காட்டி "20 சதவீதம்கூட ஓடலையே, இடமில்லைன்னு எப்படிச் சொல்லுது?" என்று சண்டைக்கு வருவார்கள். எந்த பாட் எந்த நோடில் ஏறும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர், உண்மையில் ஓடுவதைப் பார்ப்பதில்லை, பாட் முன்கூட்டியே கேட்டு வைக்கும் ரிக்வெஸ்ட்டை மட்டும்தான் பார்க்கும். உணவங்காடியில் மேசை மேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து 'சோப்' பண்ணிவிட்டுப் போனால் மேசை காலியாக இருந்தாலும் நாம் உட்கார மாட்டோம் இல்லையா, அதேதான். 'ஓசி டிஸ்கிரைப் நோட்' போட்டு அலொகேட்டட் ரிசோர்சஸ் பகுதியைப் பாருங்கள், யார் எவ்வளவு பாக்கெட் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நான் பார்த்தவரை ஆளே வராத டெஸ்ட் சூழலில் பாடுக்கு 2 சிபியு கேட்டு வைத்த ஜாவா ஆப்கள்தான் பாதி குற்றவாளிகள். நோட் கூட்டுவதற்கு முன் அவற்றைக் குறையுங்கள்.

'வால்யூம் நோட் அஃபினிட்டி கான்ஃப்ளிக்ட்' என்று வந்தால் விஷயம் வேறு. அமேசானின் சிங்கப்பூர் ரீஜனில் மூன்று அவைலபிலிட்டி ஸோன் (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதி) இருக்கின்றன, அமேசானின் ஈபிஎஸ் டிஸ்க் எந்த ஸோனில் பிறந்ததோ அந்த ஸோனை விட்டு நகராது. அந்த ஸோனில் இருந்த ஒரே வொர்க்கர் (ஆப்கள் ஓடும்) நோடும் நிரம்பிவிட்டால் மற்ற இரண்டு ஸோனில் எத்தனை இடம் இருந்தும் பயனில்லை. அதே ஸோனில் நோட் சேர்க்க வேண்டும், அல்லது ஸ்னாப்ஷாட் எடுத்து வேறு ஸோனில் டிஸ்க் உருவாக்க வேண்டும். பிவிசி (டிஸ்க் கேட்கும் விண்ணப்பம்) பெண்டிங், காரணம் 'வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' என்று இருந்தால் அது பிழையே இல்லை, பாட் வரும்வரை டிஸ்க் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வகை: டிப்ளாய்மென்ட் 0/3 என்று காட்டும், ஆனால் பாட் என்று ஒன்றுகூட இருக்காது. பாடே பிறக்காதபோது பாடை டிஸ்கிரைப் செய்ய முடியாது. பாடுகளை உருவாக்கும் ரெப்ளிகாசெட்டை டிஸ்கிரைப் செய்யுங்கள், 'எக்சீடட் கோட்டா' என்று அங்கே எழுதியிருக்கும். சில நேரம் கோட்டா தாண்டியிருக்காது, கோட்டா உள்ள நேம்ஸ்பேசில் (கிளஸ்டருக்குள் ஒரு டீமுக்கோ சூழலுக்கோ பிரித்த பகுதி) லிமிட் குறிப்பிடாமல் பாட் அனுப்பியதால் மறுத்திருக்கும். ஒரு லிமிட்ரேஞ்ச் வைத்து இயல்பு மதிப்பு கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும்.

இமேஜ்புல்பேக்ஆஃப்

ஆப்பைப் பொதிந்து வைத்த இமேஜை ரெஜிஸ்ட்ரியிலிருந்து நோடால் இழுக்க முடியவில்லை. இதில் யோசிக்க அதிகம் இல்லை, ஈவன்ட்டில் வரும் செய்தியைப் படித்தாலே போதும். 'மேனிஃபெஸ்ட் அன்னோன்' என்றால் டேக் தப்பு, அல்லது பைப்லைன் இன்னும் புஷ் செய்யவில்லை. 'அன்ஆத்தரைஸ்ட்' என்றால் புல் சீக்ரெட் (ரெஜிஸ்ட்ரிக்கான லாகின் விவரம்): சீக்ரெட் ஒரு நேம்ஸ்பேசுக்குள்தான் செல்லுபடியாகும், டெவ்வில் இருப்பது யூஏடியில் (பயனர் சோதனைச் சூழல்) தானாக வராது. உருவாக்கினால் மட்டும் போதாது, அந்த பாட் ஓடும் சர்வீஸ் அக்கவுண்டோடு 'ஓசி சீக்ரெட்ஸ் லிங்க்' மூலம் புல்லுக்கென்று இணைக்கவும் வேண்டும். 'எக்ஸ்509' என்று தொடங்கினால் கம்பெனி ரெஜிஸ்ட்ரியின் சிஏ (சான்றிதழ் வழங்குநர்) சான்றிதழை கிளஸ்டர் நம்பவில்லை, கிளஸ்டரின் இமேஜ் கான்ஃபிகில் கூடுதல் நம்பகச் சிஏ என்ற இடத்தில் அதைச் சேர்க்கச் சொல்லி அட்மினிடம் கேளுங்கள். 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்' என்றால் டாக்கர் ஹப் கதவை மூடியிருக்கிறது. 2020 நவம்பரிலிருந்து லாகின் இல்லாமல் இழுப்பவர்களுக்கு ஐபி முகவரி வாரியாக வரம்பு உண்டு. உங்கள் ஆபீசின் எல்லா நோடுகளும் ஒரே வெளி ஐபி வழியாகத்தான் போகின்றன என்றால், பக்கத்து டீம் காலையிலேயே உங்கள் பங்கையும் சேர்த்து இழுத்து முடித்திருக்கும். உள் ரெஜிஸ்ட்ரியில் மிரர் வைப்பதுதான் இதற்கு மருந்து.

கிராஷ்லூப்பேக்ஆஃப்

பாட் தொடங்குகிறது, விழுகிறது, மறுபடி தொடங்குகிறது. இடைவெளி 10 விநாடி, 20, 40 என்று இரட்டித்துக்கொண்டே போய் 5 நிமிடத்தில் நின்றுவிடும். சரிசெய்த பிறகும் "ஏன் இன்னும் வரலை" என்று பதற வேண்டாம், அந்த 5 நிமிடம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

முதலில் ஆப் விழும்போது விட்டுப்போகும் எண்ணான எக்சிட் கோடைப் பாருங்கள். 'எக்செக் ஃபார்மேட் எரர்' என்று லாக்கில் ஒரே ஒரு வரி மட்டும் இருந்தால், யாரோ புது மேக்புக்கில் ஆர்ம் கட்டமைப்புக்கு இமேஜ் கட்டி, இன்டெல் நோடில் ஏற்றியிருக்கிறார்கள். 127 என்றால் சொன்ன கமாண்ட் இமேஜுக்குள்ளேயே இல்லை. 1 என்றால் ஆப் தானாகவே அழுதிருக்கிறது, லாக்கில் காரணம் இருக்கும். அதிகம் கேட்கப்படும் இரண்டு மட்டும் கொஞ்சம் விரிவாக.

ஒன்று, 'பர்மிஷன் டினைட்'. லேப்டாப் டாக்கரில் அழகாக ஓடிய இமேஜ், சாதாரண குபர்நெட்டிசிலும் ஓடிய இமேஜ், ஓப்பன்ஷிஃப்டில் மட்டும் படுத்துவிடும். காரணம் பாட் எந்த உரிமையில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் செக்யூரிட்டி கன்டெக்ஸ்ட் கன்ஸ்ட்ரெய்ன்ட், எஸ்சிசி. நீங்கள் டாக்கர்ஃபைலில் எந்த யூசரை எழுதியிருந்தாலும் ஓப்பன்ஷிஃப்ட் கண்டுகொள்ளாது, ஒவ்வொரு நேம்ஸ்பேசுக்கும் ஒரு யூசர் எண் வரம்பு ஒதுக்கி அதிலிருந்து ஓர் எண்ணைக் கொடுத்துத்தான் கன்டெய்னரை ஓட்டும். 'ஓசி டிஸ்கிரைப் நேம்ஸ்பேஸ்' போட்டால் யூஐடி-ரேஞ்ச் என்ற அனொடேஷனில் 1000650000/10000 மாதிரி ஒன்றைப் பார்க்கலாம். அந்த 1000650000 என்ற ஆளுக்கு உங்கள் இமேஜில் எந்த ஃபோல்டரும் சொந்தமில்லை, எழுதப் போனால் அடி விழுகிறது. ஆனால் அவர் எப்போதும் 0 என்ற குழுவில் இருப்பார், அதுதான் நமக்குள்ள வழி: ஆப் எழுத வேண்டிய ஃபோல்டர்களின் குழுவை டாக்கர்ஃபைலிலேயே 0 என்று மாற்றி, உரிமையாளருக்கு உள்ள அனுமதியை அப்படியே குழுவுக்கும் கொடுத்துவிடுங்கள். இரண்டே கமாண்ட்தான், ஒரே ரன் வரியில் எழுதிவிடலாம்.

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ஆட்கள் இதோடு போர்ட்டையும் பார்க்க வேண்டும். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறப்பது பழைய யூனிக்ஸ் காலத்திலிருந்தே ரூட் பயனருக்கான சலுகை. 80 வேண்டாம், 8080-க்கு மாற்றுங்கள், அல்லது அன்பிரிவிலேஜ்ட் என்ற பெயரில் வரும் இமேஜை எடுங்கள்.

இணையத்தில் தேடினால் முதல் பதிலாக 'எனியூஐடி கொடுத்துவிடு', அதாவது எந்த யூசராகவும் ஓடவிடும் எஸ்சிசியைக் கொடு, என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது வேலை செய்யும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேம்ஸ்பேசின் டிஃபால்ட் சர்வீஸ் அக்கவுண்டுக்கு அதைக் கொடுத்தால் அங்கே இனி ஏறும் எல்லா பாடும் ரூட்டாக ஓடலாம் என்று அர்த்தம். பாதுகாப்பு ஆடிட்டில் சிக்கினால் விளக்கம் சொல்வது அட்மின் இல்லை, நீங்கள். வெளியார் கொடுத்த, திருத்தவே முடியாத இமேஜ் என்றால் அதற்கென்றே தனி சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்கி அதற்கு மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது, 137. இது 128 கூட்டல் 9, அதாவது சிக்கில் என்ற, உடனே கொல்லும் 9-ஆம் சிக்னல் வந்து கொன்றிருக்கிறது. இதைப் பார்த்தவுடனே மெமரியைக் கூட்டுகிறவர்கள்தான் அதிகம், பொறுங்கள். டிஸ்கிரைப்பில் லாஸ்ட் ஸ்டேட் பகுதியில் காரணம் 'ஓஓஎம் கில்டு' (மெமரி தீர்ந்து கொல்லப்பட்டது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மெமரிதான். ஜாவாவில் எக்ஸ்எம்எக்ஸ் (ஹீப் மெமரியின் உச்சம்) மதிப்பையும் கன்டெய்னர் லிமிட்டையும் ஒரே எண்ணாக வைத்திருப்பார்கள், ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக் எல்லாம் இருப்பதை மறந்துவிட்டு. எண்ணைக் கையால் எழுதாமல் மேக்ஸ்ரேம்பர்சன்டேஜ் வைத்துக்கொள்ளுங்கள், இயல்பு மதிப்பு 25 சதவீதம், 70 பக்கம் வைத்தால் பெரும்பாலான ஆப்களுக்குச் சரியாக இருக்கும். ஜாவா 8 என்றால் 191-ஆவது அப்டேட்டாவது வேண்டும், அதற்கு முந்தையது கன்டெய்னர் லிமிட்டைச் சரியாகப் பார்க்காமல் நோடின் மொத்த மெமரியையும் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும்.

ஓஓஎம் என்று இல்லாமல் வெறும் 137 மட்டும் இருந்தால் ஆப் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி கேட்கும் லைவ்னஸ் ப்ரோபைச் சந்தேகப்படுங்கள். ஈவன்ட்டில் 'லைவ்னஸ் ப்ரோப் ஃபெயில்ட்' இருக்கும். எதுவும் குறிப்பிடாவிட்டால் 10 விநாடிக்கு ஒரு முறை கேட்கும், 1 விநாடிக்குள் பதில் வர வேண்டும், 3 முறை தவறினால் கதை முடிந்தது. முதலில் மரியாதையாக, மூடிக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம், 30 விநாடியில் மூடவில்லை என்றால் சிக்கில். அரை சிபியு லிமிட்டில் ஒரு ஸ்பிரிங் பூட் ஆப் எழுந்திருப்பதற்கே ஒன்றரை நிமிடம் ஆகிறது என்றால், எழுவதற்கு முன்பே கொன்று, மறுபடி எழுப்பி, மறுபடி கொல்லும் விளையாட்டு இது. ஆப் எழும்வரை லைவ்னஸ் கேள்வியை நிறுத்திவைக்கும் ஸ்டார்ட்அப் ப்ரோப் வைத்தால் தீரும். அப்படியே அந்த லைவ்னஸ் என்ட்பாயின்ட் டேட்டாபேசைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். தொட்டால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டேட்டாபேஸ் ஒரு நிமிடம் மூச்சு வாங்கினால் எல்லா பாடும் சேர்ந்து ரீஸ்டார்ட் ஆகும், திரும்பி வந்து எல்லாம் ஒரே நேரத்தில் கனெக்ஷன் கேட்டு அதை மொத்தமாகச் சாய்க்கும்.

பாட் ஓடுகிறது, பிரவுசரில் 503

'அப்ளிகேஷன் இஸ் நாட் அவைலபிள்' என்ற அந்த வெள்ளைப் பக்கம் உங்கள் ஆப் கொடுப்பதில்லை, முன்னால் நிற்கும் ஹெச்ஏப்ராக்சி ரவுட்டர் கொடுப்பது. அதாவது கோரிக்கை கிளஸ்டர் வரை வந்துவிட்டது, டிஎன்எஸ், ஃபயர்வால் டீம்களை எழுப்ப வேண்டாம். ரவுட்டிலிருந்து பின்னோக்கி நடங்கள்: அந்த ஹோஸ்ட்நேமுக்கு ரவுட் (வெளி முகவரியை சர்வீசோடு இணைப்பது) இருக்கிறதா, அது சொல்லும் சர்வீஸ் (பாடுகளுக்கு முன்னால் நிற்கும் நிலையான உள் முகவரி) இருக்கிறதா, சர்வீசுக்கு என்ட்பாயின்ட்ஸ் (பின்னால் தயாராக உள்ள பாடுகளின் முகவரிகள்) இருக்கின்றனவா. 'ஓசி கெட் என்ட்பாயின்ட்ஸ்' காலியாக இருந்தால் செலக்டர் லேபிள் பொருந்தவில்லை, அல்லது கோரிக்கை வாங்கத் தயாரா என்று கேட்கும் ரெடினஸ் ப்ரோப் தேறவில்லை. பாட் பட்டியலில் 0/1 என்று நிற்கும்.

என்ட்பாயின்ட்ஸ் இருந்தும் 503 என்றால், சர்வீஸ் பாடில் தட்டும் டார்கெட்போர்ட்டைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் ஆப் எந்த முகவரியில் கேட்கிறது என்று பாருங்கள், ஏனென்றால் இது ஆளை நன்றாக ஏமாற்றும். 127.0.0.1-இல் மட்டும் கேட்கும் ஆப்புக்கு 'ஓசி போர்ட்-ஃபார்வர்ட்' அருமையாக வேலை செய்யும், அது பாடுக்குள்ளேயே போய் லோக்கல்ஹோஸ்டைத்தான் தட்டுகிறது. "என் மெஷினிலிருந்து வருதே" என்று டெவலப்பர் சத்தியம் செய்வார், அவர் பொய் சொல்லவில்லை. 0.0.0.0-க்கு மாற்றச் சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பது நெட்வொர்க் பாலிசி, அதாவது எந்த பாட் யாரோடு பேசலாம் என்ற விதி. எல்லாவற்றையும் மறுக்கும் பாலிசி போட்ட நேம்ஸ்பேசில் ரவுட்டரிலிருந்து வருவதற்குத் தனியாக அனுமதி வேண்டும். ஓப்பன்ஷிஃப்டில் அதற்கென்று பாலிசி-குரூப் இன்க்ரஸ் என்ற லேபிள் இருக்கிறது. சொந்த டேட்டா சென்டரில் ரவுட்டர் ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓடினால் அதற்குரிய லேபிள் வேறு. வெளியே போவதையும் பூட்டியிருந்தால் இன்னொரு பள்ளம்: டிஎன்எஸ்தானே என்று போர்ட் 53-ஐத் திறந்துவிட்டு, பெயர் ரிசால்வ் ஆகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இங்கே டிஎன்எஸ் பாடுகள் உண்மையில் கேட்பது 5353-இல். பாலிசி பார்ப்பது சர்வீசின் போர்ட்டை அல்ல, பாடின் போர்ட்டை. யூடிபி, டிசிபி இரண்டுக்கும் 5353-ஐத் திறங்கள்.

503 இல்லாமல் 504 வந்தால், அதுவும் சரியாக 30 விநாடியில் வந்தால், அது ரவுட்டரின் டைம்அவுட். மாதக் கடைசி ரிப்போர்ட் ஸ்கிரீன்கள்தான் வழக்கமாக மாட்டும். ரவுட்டில் டைம்அவுட் அனொடேஷன் போட்டால் நீளும், ஆனால் 10 நிமிடம் என்றெல்லாம் வைக்காதீர்கள், அந்த ரிப்போர்ட்டைப் பின்னணி ஜாபாக மாற்றுவதுதான் முறை.

ராத்திரி ஓட வேண்டிய ஜாப் காலையில் ஓடுகிறது

"0 1 * * *" என்று எழுதி நள்ளிரவு 1 மணிக்கு ஓடும் என்று நினைத்த கிரான்ஜாப், ஆபீசுக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்த 9 மணிக்கு டேட்டாபேசை அமுக்கும். கிளஸ்டர் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் யோசிக்கிறது, நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இந்தியாவிலிருந்து ஒரு டீம் எழுதி அனுப்பியிருந்தால் ஐந்தரை மணி நேரம் கழித்துக் கணக்குப் போட்டிருப்பார்கள், அது இன்னும் வேடிக்கை. கையால் 8 கழிப்பதை விட்டுவிட்டு கிரான்ஜாபின் டைம்ஸோன் புலத்தில் ஆசியா/சிங்கப்பூர் என்று எழுதுங்கள். குபர்நெட்டிஸ் 1.27-இல் அது நிலையான அம்சமாகிவிட்டது, ஓப்பன்ஷிஃப்டில் அது 4.14. பாடுக்குள் டிஇசட் (டைம்ஸோன்) மாறியை வைத்தால் லாக்கில் நேரம் மாறுமே தவிர ஜாப் தொடங்கும் நேரம் மாறாது.

இதோடு ஒட்டிய ஒன்று: பழைய வாடிக்கையாளர்களின் பிறந்த தேதி மட்டும் ஒரு நாள் பின்னால் போகிறது என்று யாராவது புகார் சொன்னால் கிளஸ்டரைக் குடையாதீர்கள். 1982 தொடங்கும்வரை சிங்கப்பூர் யூடிசிக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது, டைம்ஸோன் நூலகத்துக்கு அது தெரியும், 8 என்று நேரடியாக எழுதிய கோடுக்குத் தெரியாது. அந்த அரை மணி நேரம் நள்ளிரவைத் தாண்டினால் தேதி மாறிவிடும்.

நோட் 'நாட் ரெடி'

நீண்ட விடுமுறைக்கு, சீனப் புத்தாண்டு மாதிரி, கிளவுட் பில்லை மிச்சம் பிடிக்க லேப் கிளஸ்டரை அணைத்துவிட்டு வந்து எழுப்பும்போது எல்லா நோடும் நாட் ரெடி என்றால் பயப்படாதீர்கள். ஒவ்வொரு நோடிலும் பாடுகளைக் கவனிக்கும் குபெலெட்டின் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கும், புதிதாகக் கேட்டுக் காத்திருக்கும். 'ஓசி கெட் சிஎஸ்ஆர்' (சான்றிதழ் கோரிக்கைகளின் பட்டியல்) போட்டுப் பெண்டிங்கில் இருப்பவற்றை அப்ரூவ் செய்யுங்கள். முக்கியமாக, ஒரு சுற்றோடு எழுந்துபோய்விடாதீர்கள்: முதலில் கிளையன்ட் சான்றிதழ், அது கிடைத்த பிறகுதான் சர்விங் சான்றிதழுக்கான இரண்டாவது கோரிக்கை வரும். புரொடக்‌ஷனில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அப்ரூவ் செய்யாமல் எந்த நோட் கேட்கிறது என்று பாருங்கள்.

ஓடிக்கொண்டிருந்த ஒரு நோட் மட்டும் விழுந்தால் அதன் பாடுகள் வேறு இடத்துக்குப் போக இயல்பாக 5 நிமிடம் ஆகும். டிஸ்க் வைத்திருந்த பாட் என்றால் புதியது 'மல்டி-அட்டாச் எரர்' சொல்லிக்கொண்டு கன்டெய்னர்கிரியேட்டிங்கில் நிற்கும், ஏனென்றால் பழைய நோட் டிஸ்க்கை இன்னும் பிடித்திருப்பதாகக் கணக்கு. பழைய பாடை ஃபோர்ஸ் டெலீட் செய்வதற்கு முன் அந்த மெஷின் உண்மையிலேயே அணைந்துவிட்டதா என்று கன்சோலில் பார்த்து உறுதி செய்யுங்கள். நெட்வொர்க் மட்டும் அறுந்து மெஷின் உயிரோடு இருந்தால் இரண்டு பேர் ஒரே டேட்டாவில் எழுத இடம் கொடுத்ததாகிவிடும்.

அப்புறம், நோடுக்குள் எஸ்எஸ்ஹெச் போட்டு ஃபைலைத் திருத்தும் பழைய லினக்ஸ் அட்மின் கை இங்கே உதவாது. 2018-இல் கோர்ஓஎஸ் கம்பெனியை ரெட் ஹேட் வாங்கிய பிறகு 2019-இல் வந்த ஓப்பன்ஷிஃப்ட் 4-ஆம் பதிப்பிலிருந்து நோடின் ஓஎஸ்ஸையும் கிளஸ்டரே நிர்வகிக்கிறது. நீங்கள் கையால் மாற்றிய ஃபைல், நோட் அமைப்பைக் கண்காணிக்கும் மெஷின் கான்ஃபிக் கண்ணில் பட்டதும் 'டீகிரேடட்' என்று அந்த நோட் குழுவே நின்றுவிடும். மாற்ற வேண்டியதை மெஷின்கான்ஃபிகாக எழுதுங்கள்.

அப்கிரேடு பாதியில் நிற்கிறது

'ஓசி கெட் கிளஸ்டர்வெர்ஷன்', 'ஓசி கெட் சிஓ', 'ஓசி கெட் எம்சிபி' என்ற வரிசையில் பாருங்கள். சிஓ என்பது கிளஸ்டரின் பாகங்களை நிர்வகிக்கும் ஆபரேட்டர்கள், எம்சிபி என்பது நோட் குழுக்கள். ஆபரேட்டர்கள் எல்லாம் புதுப் பதிப்புக்கு வந்து, வொர்க்கர் எம்சிபி மட்டும் அப்டேட்டிங்கில் மணிக்கணக்காக நின்றால் ஏதோ ஒரு நோட் காலியாக மறுக்கிறது. நோடுகள் இயல்பாக ஒவ்வொன்றாகத்தான் காலிசெய்து ரீபூட் ஆகும், ஒன்று மாட்டினால் பின்னால் வரிசையே நிற்கும். மெஷின்-கான்ஃபிக்-கன்ட்ரோலர் லாக்கில் 'டிஸ்ரப்ஷன் பட்ஜெட்' என்று தேடுங்கள். ரெப்ளிகா 1, மினிமம் அவைலபிள் 1 என்று எழுதிய ஒரு பிடிபி (குறைந்தது இத்தனை பாட் ஓட வேண்டும் என்ற டிஸ்ரப்ஷன் பட்ஜெட் விதி) கிடைக்கும். இந்தக் கணக்கில் அந்த பாடை யாராலும் எப்போதும் நகர்த்த முடியாது. அந்த டீமைக் கூப்பிட்டு ரெப்ளிகாவை 2 ஆக்கச் சொல்லுங்கள், மெயின்டனன்ஸ் நேரம் ஓடுகிறது என்றால் அவர்கள் ஒப்புதலோடு பாடை நீங்களே டெலீட் செய்யலாம், டெலீட்டுக்கு பிடிபி தடை இல்லை.

அப்கிரேடு தொடங்கவே இல்லை, அட்மின் ஒப்புகை கேட்கிறது என்றால் நீக்கப்படப்போகும் பழைய ஏபிஐயை யாரோ இன்னும் பயன்படுத்தலாம் என்ற எச்சரிக்கை அது. 4.8-இலிருந்து 4.9-க்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும், குபர்நெட்டிஸ் 1.22 பல பீட்டா ஏபிஐகளை ஒரே அடியாகத் தூக்கியது. 'ஓசி கெட் ஏபிஐரிக்வெஸ்ட்கவுண்ட்ஸ்' யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பெயரோடு காட்டும். பார்த்துவிட்டு ஒப்புகை கொடுங்கள்.

இதற்கும் பிடிபடவில்லை என்றால் வெண்டர் சப்போர்ட்டில் கேஸ் திறக்க வேண்டியதுதான். அவர்கள் முதலில் கேட்பது கிளஸ்டரின் நிலையையும் லாக்குகளையும் திரட்டும் 'ஓசி ஏடிஎம் மஸ்ட்-கேதர்' (oc adm must-gather), அதைக் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தால் ஒரு நாள் மிச்சம். அதில் சீக்ரெட்டுகளின் உள்ளடக்கம் வராது, ஆனால் ஹோஸ்ட்நேம், ஐபி எல்லாம் வரும், வங்கி என்றால் வெளியே அனுப்பப் பாதுகாப்பு டீமின் அனுமதி தேவைப்படும், அனுமதி கேட்கும் மெயிலை மஸ்ட்-கேதர் எடுக்கும்போதே போட்டுவிடுங்கள். ஒரு நேம்ஸ்பேசில் மட்டும் பிரச்சினை என்றால் முழு மஸ்ட்-கேதர் வேண்டாம், 'ஓசி ஏடிஎம் இன்ஸ்பெக்ட்' அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.